கியர்பொக்ஸ் மாற்றியும் வண்டி நகரவில்லையா?

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில், போருக்குப் பின் கடன்பட்டு வாங்கிய வானே பல குடும்பங்களுக்குச் சோறு போடுவதை நான் பார்க்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழையதைத் திருத்தி ஓடுவதே வழியானது.

ஓட்டோ கியர்பொக்ஸ் மாற்றியும் வண்டி நகராவிட்டால் அக்சிலேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். முதலில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் டோர்க் கொன்வேட்டர் ஒயிலை இழுப்பதால் மட்டம் இறங்கும். ஒயில் வகையும் அந்த வண்டிக்குரியதாக இருக்கவேண்டும். அடுத்து கியர் கேபிள், வயர் சொக்கட், சில்லுக்குப் போகும் ஷாப்ட் ஆகியவை சரியாகப் பூட்டப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

எல்லாம் சரியென்றால், கொன்வேட்டர் பம்பினுள் முழுதாக இறங்காமல் பூட்டப்பட்டிருக்கலாம். அப்படிப் பூட்டினால் பம்ப் உடையும், கழற்றித்தான் பார்க்கவேண்டும். இவற்றைப் பார்க்காமல் இன்னொரு கியர்பொக்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள்.