லைப்ரரி கார்டு கிடைக்காதவர்களின் வரலாறு

1956-ஆம் வருஷம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டிராய்னு ஒரு சின்ன ஊர். 16 வயசுப் பையன் ஒருத்தன் தன் அண்ணன் தம்பிகளோட அந்த ஊர் பொது நூலகத்துக்குப் போய் மெம்பர் கார்டு கேட்டான். வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான் கார்டு, கறுப்பர்களுக்குக் கிடையாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க.

அந்தப் பையன் பேரு ஜான் லூயிஸ். பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கோட தோள் சேர்ந்து நின்னவர். 1987-லேர்ந்து 2020-ல் சாகும்வரை ஜார்ஜியாவிலிருந்து காங்கிரஸ் உறுப்பினர். 1998-ல் தன் சுயசரிதையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க அதே ஊர் நூலகத்துக்கு அவரைக் கூப்பிட்டாங்க. அன்னைக்குத்தான் அவருக்கு அந்த கார்டு கிடைச்சுது. 42 வருஷம் லேட்!

2016-ல் அவர் எழுதின 'மார்ச்' மூன்றாம் பாகத்துக்கு அமெரிக்காவின் தேசிய புத்தக விருது கிடைத்தது. இந்தக் கதையை அந்த மேடையில் சொல்லி அவர் கண் கலங்கினார். அந்த விருதை வாங்கின முதல் கிராஃபிக் நாவல் அதுதான்.

ஆமாங்க, படக்கதை. காமிக்ஸ்!

சரித்திர நாவல்னா நம்மில் பலருக்கு குதிரைக் குளம்பொலியும் சுரங்கப்பாதையும் மாறுவேஷமும்தான் முதல்ல ஞாபகம் வரும். ராத்திரி தூக்கம் கெட்டு 'பொன்னியின் செல்வன்' படிச்ச ஆசாமிதான் நானும். ஆன்சைட் வந்த பிறகு இங்க இருக்குற ஊர் நூலகத்துல மேய ஆரம்பிச்சப்பதான் வேற மாதிரி சரித்திர நாவல்கள் கண்ணுல பட்டுது. ராஜாவே இல்லாத சரித்திரம். கல்வெட்டு வெட்ட வசதி இல்லாதவங்களோட சரித்திரம். அதுல ஆறேழு புத்தகங்களை உங்களுக்கு சிபாரிசு பண்ணத்தான் இந்தப் பதிவு.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன பொட்டி தட்டுற விளக்கம் :-)

ராத்திரி சர்வர் படுத்துடுச்சுன்னா காலைல வந்ததும் லாக் ஃபைலைத் தோண்டுவோம். ஒரு விஷயம் லாக்ல இல்லைன்னா அது நடக்கவே இல்லைன்னு எந்தப் பொழப்பு தெரிஞ்ச ஆளும் சொல்ல மாட்டான். அதைப் பதிவு செய்யச் சொல்லி யாரும் கோடு எழுதலை, அவ்வளவுதான். வரலாற்று ஆவணமும் அப்படித்தான். யார் கையில் பேனா இருந்ததோ அவங்க எழுத நினைச்சது மட்டும்தான் அதுல இருக்கும். மிச்சத்தை எப்படித் தெரிஞ்சுக்கறது? இங்கதான் கற்பனைக்கு வேலை வருது. ஆனா எதை வேணும்னா கற்பனை பண்ணலாமா? நான் படிச்ச நல்ல புத்தகங்கள் எல்லாமே எது பதிவு, எது ஊகம்னு நமக்குக் காட்டிக் கொடுத்துடுது. இந்த ஒரு அளவுகோலை வைச்சுத்தான் கீழே இருக்குற பட்டியல். படக்கதை ஒண்ணு, நாவல் ஒண்ணுன்னு ஜோடி ஜோடியா தர்றேன்.

முதல் ஜோடி: பேனா மறுக்கப்பட்டவர்கள்

தென் கரோலினாவில் 1740-லேயே அடிமைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் அபராதம்னு சட்டம் போட்டுட்டாங்க. அப்புறம் அவங்க எழுதின ஆவணம் எங்கேர்ந்து கிடைக்கும்?

ரெபெக்கா ஹால் எழுதி, ஹ்யூகோ மார்டினெஸ் படம் வரைந்த 'வேக்' (2021) இந்தக் கேள்வியோடதான் ஆரம்பிக்குது. ரெபெக்கா வக்கீலா இருந்து வரலாற்று ஆராய்ச்சிக்கு வந்தவர். அவரோட தாத்தா பாட்டி தலைமுறை அடிமைகளாகப் பிறந்தது. அடிமைக் கிளர்ச்சிகளில் பெண்கள் என்ன செய்தார்கள்னு தேடிக்கிட்டு பழைய கோர்ட் ரிக்கார்டுகளுக்குள்ள போறார். 1712-ல் நியூயார்க்கில் ஒரு கிளர்ச்சி. 9 வெள்ளையர்கள் செத்தாங்க, 21 பேருக்கு மரண தண்டனை. தண்டனை விதிக்கப்பட்டவங்கள்ல ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தார். பிரசவம் வரைக்கும் தண்டனையைத் தள்ளி வைச்சாங்க. அவர் ஏன் அதில் சேர்ந்தார், என்ன நினைச்சார்? ரிக்கார்டில் ஒரு வரி கிடையாது.

இன்னொரு விஷயம் நம்ம மாதிரி டேட்டா பைத்தியங்களுக்குப் பிடிக்கும். அடிமைக் கப்பல்களின் சுமார் 36,000 பயணங்கள் இன்னைக்கு ஒரு டேட்டாபேஸில் இருக்கு. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பயணத்தில் கிளர்ச்சி நடந்திருக்கு. பெண்கள் அதிகமா இருந்த கப்பல்கள்ல கிளர்ச்சியும் அதிகம்! இது ஏதோ தற்செயல்னு ஆராய்ச்சியாளர்கள் ஒதுக்கி வைச்சிருந்தாங்க. ஆண்களைக் கீழே சங்கிலியில் கட்டிட்டு, பெண்களைச் சங்கிலி இல்லாமல் மேல்தளத்தில் விட்டு வைச்சிருந்தாங்க. ஆயுதங்களும் மேல்தளத்தில்தான். இப்ப கணக்கு புரியுதா? இவங்க என்ன செஞ்சிடப் போறாங்கன்னு நினைச்சதுதான் மாலுமிகள் போட்ட தப்புக் கணக்கு.

இந்தப் புத்தகத்தில் ரெபெக்காவே ஒரு பாத்திரம். ஆவணம் தேடி அலையறது ஒரு பக்கம், ஆவணம் முடிஞ்ச இடத்தில் அவர் கற்பனை செய்யறது இன்னொரு பக்கம். ரெண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்குன்னு படிக்கிறவனுக்குத் தெளிவாத் தெரியும்.

இதோட ஜோடியா பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' (2024). 2024 தேசிய புத்தக விருது, 2025 புலிட்சர் ரெண்டும் வாங்கின நாவல். மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின் கதையில் தப்பி ஓடும் அடிமை ஜிம் ஞாபகம் இருக்கா? அதே கதையை ஜிம் சொல்றார். தங்களுக்குள்ள பேசும்போது அவங்க சுத்தமான ஆங்கிலம் பேசுவாங்க. எஜமானர்கள் காதில் விழும்போது மட்டும் கொச்சையா, உளறலா பேசணும். இதைக் குழந்தைகளுக்கு ஜேம்ஸ் பாடமாவே நடத்துறார், உயிர் பிழைக்கிற பாடம். வீட்ல ஒரு பேச்சு, ஆபீஸ்ல ஒரு பேச்சுன்னு வாழற நமக்கு முதல்ல சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்துல சிரிப்பு நின்னுடும். அப்புறம் ஒரு துண்டுப் பென்சில் வருது. ஜேம்ஸ் எழுதறதுக்காக அதைத் திருடித் தந்தவன் அதுக்கு உயிரையே கொடுக்கிறான். அந்த 1740 சட்டத்தை மனசுல வைச்சுக்கிட்டு அந்த இடத்தைப் படிங்க.

இரண்டாவது ஜோடி: கேமரா மறுக்கப்பட்டவர்கள்

ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய பிறகு, 1942 பிப்ரவரி 19-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். எண் 9066. மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களுக்கு அனுப்பினாங்க. மூணில் ரெண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள். ஒருத்தர் மேலயும் தனிப்பட்ட குற்றச்சாட்டு கிடையாது, விசாரணையும் கிடையாது.

முகாமுக்குள்ள கேமரா கொண்டு போகக் கூடாது. அரசாங்கமே வேலைக்கு வைச்ச டோரதியா லாங் எடுத்த போட்டோக்களை யுத்தம் முடியும்வரை பூட்டி வைச்சுட்டாங்க. மினே ஒகுபோங்கிற ஓவியர் என்ன செஞ்சார் தெரியுமா? கேமராதானே கூடாது, பேப்பரும் பேனாவும் இருக்கேன்னு பார்த்ததையெல்லாம் வரைஞ்சு தள்ளினார். குதிரைக் கொட்டடியில் குடும்பங்கள் படுத்துத் தூங்குவது, சாப்பாட்டுக்கு நீளமான கியூ, மறைப்பில்லாத கழிப்பறை. 1946-லேயே 'சிட்டிசன் 13660'ன்னு புத்தகமா வந்தது. 13660 என்பது அவர் குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுத்த நம்பர். கிராஃபிக் நாவல்ங்கிற பேர் பிரபலம் ஆகறதுக்கு முப்பது வருஷம் முன்னாடி. படம்னா பொழுதுபோக்குன்னு சொல்றவங்களுக்கு நான் காட்டற புத்தகம் இது.

அதே விஷயத்தில் புதுசா வேணும்னா 'தே கால்டு அஸ் எனிமி' (2019). ஸ்டார் ட்ரெக்கில் சுலுவா நடிச்ச ஜார்ஜ் டக்கேயின் கதை, ஹார்மனி பெக்கரின் ஓவியம். முகாமுக்குப் போகும்போது அவருக்கு 5 வயசு. சின்னப் பையனுக்கு எல்லாமே விடுமுறைப் பயணம் மாதிரி இருக்கு. அம்மா மூட்டைக்குள்ள மறைச்சு வைச்சு ஒரு தையல் மெஷினைக் கொண்டு வர்றார். முள்கம்பி தெரியற ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே பையன் பள்ளிக்கூடத்துல தேசபக்தி உறுதிமொழி சொல்றான். படத்துல ஒரே சட்டத்துக்குள்ள குழந்தையின் சிரிப்பையும் அப்பாவின் முகத்தையும் பக்கத்துல பக்கத்துல வைச்சுடலாம். எழுத்துல அதுக்கு ரெண்டு வாக்கியம் வேணும், ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடி வந்துடும்.

நாவல் ஜோடி, ஜூலி ஒட்சுகாவின் 'வென் தி எம்பரர் வாஸ் டிவைன்' (2002). கொஞ்சம் பழசுதான், ஆனா சின்னது, வீக் எண்டுல முடிச்சுடலாம். ஒட்சுகாவின் அம்மாவும் பாட்டியும் யூட்டா மாநில டோபாஸ் முகாமில் மூணு வருஷம் இருந்தவங்க. நாவலில் அந்தக் குடும்பத்துக்குப் பேரே கிடையாது. அம்மா, மகள், மகன், அப்பா. அவ்வளவுதான். முகாமுக்கு நாயைக் கொண்டு போக முடியாது. அதனால அந்த அம்மா முதல் அத்தியாயத்திலேயே தான் வளர்த்த கிழட்டு நாய்க்கு வயிறார சோறு போட்டுட்டு, தன் கையாலேயே... வேணாம், நீங்களே படிங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் எழுதியிருக்கார். 1988-ல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, உயிரோட இருந்தவங்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது. அந்த நாய்க்குக் கணக்கு எதில் எழுதறது?

மூன்றாவது ஜோடி: கல்லறை மறுக்கப்பட்டவர்கள்

ஜான் லூயிஸின் 'மார்ச்' மூணு பாகம் (2013, 2015, 2016). கூட எழுதினவர் ஆண்ட்ரூ ஐடின், வரைந்தவர் நேட் பவல். கறுப்பு வெள்ளைதான். 1965 மார்ச் 7-ல் செல்மா பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு நடந்தவங்களைப் போலீஸ் அடிச்சு நொறுக்கினதுல லூயிஸுக்கு மண்டை உடைஞ்சுது. அந்தப் பக்கங்களில் பவலின் கறுப்பு மை பக்கம் முழுக்கப் பரவுது. இதுக்குப் பின்னாடி ஒரு சுவாரசியம் இருக்கு. 1957-ல் கிங்கின் மாண்ட்காமரி பஸ் புறக்கணிப்பு பற்றி பத்து சென்ட் விலையில் ஒரு காமிக்ஸ் வந்தது. அறப்போராட்டம்னா என்னன்னு இளவயசு லூயிஸ் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுல அதுக்கும் பங்கு உண்டு. தானும் காமிக்ஸ் எழுத சம்மதிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கூடவே கோல்சன் ஒயிட்ஹெட்டின் 'தி நிக்கல் பாய்ஸ்' (2019, அடுத்த வருஷ புலிட்சர்). கிங்கின் பேச்சை ரிக்கார்டில் திரும்பத் திரும்பக் கேட்டு வளர்ந்த எல்வுட் என்கிற பையன் செய்யாத தப்புக்கு சீர்திருத்தப் பள்ளியில் மாட்டிக்கிறான். பள்ளியின் பேர் கற்பனை. நிஜப் பள்ளி ஃபுளோரிடாவின் மரியானாவில் 1900 முதல் 2011 வரை நடந்த டோசியர் பள்ளி. தென் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு அங்க தோண்டிப் பார்த்தப்ப 55 புதைகுழிகள். அரசாங்க ரிக்கார்டில் இருந்ததைவிட 24 அதிகம்! லாக்ல இல்லாத 24 பசங்க. இந்த மாதிரி இடத்தில் நாவலாசிரியன் ஒரு பேரையும் முகத்தையும் கற்பனை செய்யறான்னா, அதைப் பொய்னு எப்படிச் சொல்றது?

இந்த 'நிஜமா கற்பனையா' சண்டை பழசு. யூதர்களை எலிகளாவும் நாஜிகளைப் பூனைகளாவும் வரைஞ்ச ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மௌஸ்' இரண்டாம் பாகம் 1991-ல் வந்தப்ப, நியூயார்க் டைம்ஸ் அதைப் புனைவுப் பட்டியலில் போட்டது. தன் அப்பா பட்டதை அவர் வாயாலேயே கேட்டு வரைஞ்ச புத்தகத்தைக் கற்பனைன்னு சொல்லலாமான்னு அவர் கடிதம் எழுதினார். பத்திரிகையும் அதை அபுனைவுக்கு மாத்துச்சு. அடுத்த வருஷம் சிறப்பு புலிட்சர். அதே 'மௌஸ்' புத்தகத்தை 2022 ஜனவரியில் டென்னசி மாநிலத்தில் மெக்மின் கவுண்டி கல்வி வாரியம் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து 10-0 ஓட்டில் தூக்கிடுச்சு. சில கெட்ட வார்த்தைகளும் ஒரு சின்ன நிர்வாணப் படமும்தான் அவங்க சொன்ன காரணம். செய்தி பரவினதும் விற்பனை எகிறினது உண்மைதான். ஆனா காசு கொடுத்து வாங்க முடிஞ்சவங்களுக்குத்தானே அது? பாக்கெட்ல காசில்லாத 13 வயசுப் பையனுக்கு ஸ்கூலும் லைப்ரரியும்தான் வழி. ஜான் லூயிஸுக்கு அடைச்ச கதவும் அதேதான்.

சில டிப்ஸ். நிறைய நூலகங்களில் டூயி எண் 741.5-ல் சூப்பர்மேனும் மௌஸும் ஒரே அலமாரியில் இருக்கும். அங்க இல்லைன்னா பதின்வயதினர் பிரிவு, இல்லைன்னா வாழ்க்கை வரலாறு. எங்கயும் இல்லைன்னா வேற நூலகத்துலேர்ந்து வரவழைச்சுத் தரச் சொல்லிக் கேளுங்க, பல இடங்களில் செய்யறாங்க. ஒவ்வொரு ஜோடியிலும் படக்கதையை முதல்ல படிங்க, முகங்கள் மனசுல நின்ன பிறகு நாவல் இன்னும் ஆழமா இறங்கும். 'வேக்', 'நிக்கல் பாய்ஸ்' ரெண்டையும் சின்னப் பசங்க கையில் கொடுக்காதீங்க. 'தே கால்டு அஸ் எனிமி' எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பசங்களுக்கு தாராளமா கொடுக்கலாம்.

கடைசியா ஒண்ணு. ரொம்ப நாளா யாரும் எடுக்காத புத்தகத்தைத்தான் நூலகங்கள் அலமாரியிலிருந்து முதல்ல கழிக்கும். அதுக்கு கல்வி வாரியமும் வேணாம், ஓட்டெடுப்பும் வேணாம். நீங்க ஒரு தடவை எடுத்தா அது லாக்ல ஏறும் :-)

இந்த மாதிரி ராஜா இல்லாத சரித்திரக் கதை நீங்க ஏதாவது படிச்சிருந்தா பேரை மட்டுமாவது சொல்லிட்டுப் போங்க. சனிக்கிழமை லைப்ரரி போறேன்.