டியூப் எப்ப எடுப்பாங்க?

புராஸ்டேட் வீக்கத்துக்கு இப்போது வயிற்றைக் கிழிக்காத சிகிச்சைகள் நிறைய வந்துவிட்டன. சிறுநீர்ப் பாதை வழியாகவே உள்ளே போய் லேசரால் குடைந்தெடுக்கிறார்கள், நீராவி ஊசி போடுகிறார்கள், சின்னக் கொக்கிகளை மாட்டி அடைப்பை விலக்குகிறார்கள். விளம்பரங்களில் தையல் இல்லை, தழும்பு இல்லை, ஒரே நாளில் வீடு என்று போட்டிருக்கும். முதுகில் போட்ட ஊசியின் மரமரப்பு அடங்கி, காலை அசைக்க முடிந்ததும், வார்டில் படுத்திருப்பவர் லேசரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கட்டிலோரம் தொங்கும் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இந்த டியூப் எப்ப எடுப்பாங்க?" என்பார்.

அந்த டியூப் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். வெளிர் பழுப்பு நிற ரப்பர், மேலே சிலிக்கான் பூச்சு. உள்ளே போகும் நுனியில் இரண்டு கண்கள், அதை ஒட்டி, காற்றுப் போன நிலையில் கண்ணுக்கே தெரியாத ஒரு பலூன். வெளியே இருக்கும் முனை இரண்டாகப் பிரியும். ஒன்று பைக்குப் போகிறது. மற்றது பலூனுக்கான வழி, அதன் வால்வுக்கு ஒரு நிறம். ஆரஞ்சு என்றால் 16, பச்சை என்றால் 14, சிவப்பு 18, ஊதா 22. பாரிஸில் அறுவைக் கருவிகள் செய்துவந்த ஷாரியேர் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவு இது. மூன்று எண் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். ஆக, ஆரஞ்சு வால்வு டியூபின் குறுக்களவு ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வார்டில் இதை 'ஃபோலிஸ்' என்பார்கள். முதல் தடவை கேட்கும் சொந்தக்காரர்கள் காதில் அது போலீஸ் என்று விழுந்து திடுக்கிடுவதும் உண்டு.

ஃபிரெடரிக் ஃபோலி அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் இருந்த யூராலஜிஸ்ட். அவருக்கு முன்னும் டியூப் இருந்தது. பொம்பெயி இடிபாடுகளில் வெண்கலத்தில் செய்தது கிடைத்திருக்கிறது. கல்லடைப்பால் தவித்த அண்ணனுக்காக பெஞ்சமின் பிராங்க்ளின் 1752இல் வளைந்துகொடுக்கும் வெள்ளி டியூப் ஒன்றைச் செய்வித்து அனுப்பினார். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வழி வந்த பிறகு, பிரான்சின் நெலாட்டன் சிவப்பு ரப்பர் டியூபைக் கொண்டுவந்தார். இன்றும் அவர் பெயரில் அது விற்கிறது. ஆனால் இவை எல்லாம் உள்ளே தாமாக நிற்காது. பிளாஸ்திரி ஒட்டவேண்டும், நாடா போட்டுக் கட்டவேண்டும், சிலசமயம் தைக்கவே வேண்டும்.

ஃபோலியின் கவலை அது அல்ல. 1920களின் பிற்பகுதியில் அமெரிக்க டாக்டர்கள் சிறுநீர்ப் பாதை வழியாகவே மின்கம்பியை விட்டு புராஸ்டேட்டைச் சீவி எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். வயிற்றில் கீறல் இல்லாத அந்த வைத்தியத்தில் பெரிய தலைவலி ரத்தம். சீவிய இடம் கசிந்துகொண்டே இருக்கும், கை போட்டு அழுத்த வழியில்லை. டியூபின் தலைப்பில் ஒரு பலூனைக் கட்டி, சிறுநீர்ப்பைக்குள் போனதும் நீர் நிரப்பி, வெளியிலிருந்து லேசாக இழுத்துப் பிடித்தால் பலூன் புண்ணின் வாய்மேல் உட்கார்ந்து அழுத்தும் அல்லவா? 1929லிருந்தே அவர் இதைச் செய்து பார்த்திருக்கிறார். முதலில் பட்டு நூலால் சுற்றி, பசை வைத்து ஒட்டிய பலூன். 1937இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பலூனும் டியூபும் ஒரே துண்டாக லேடெக்ஸில் வார்த்ததைப் பற்றியது. தலைப்பிலேயே ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் பை என்றுதான் இருக்கிறது. பிரசவ வார்டு, ஐசியூ, விபத்துப் பிரிவு என்று உலகெங்கும் இன்று புழங்கும் இந்தச் சாமான், புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்தவருக்கென்றே பிறந்தது.

காப்புரிமை அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் விண்ணப்பிப்பதற்கு நான்கு மாதம் முன்பே, 1936 ஜூனில், ரோட் ஐலண்டின் டேவல் ரப்பர் கம்பெனியைச் சேர்ந்த பால் ராய்ஷே அதைப் பெற்றுவிட்டார். மேல்முறையீடு, நீதிமன்றம் என்று இழுத்தடித்து, கடைசியில் ராய்ஷே பக்கம் தீர்ப்பானது. சி.ஆர். பார்ட் கம்பெனி மட்டும் அதை ஃபோலி பெயரில் விற்றது, ஊர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. 1980இல் பார்ட் கம்பெனி டேவலையே விலைக்கு வாங்கிவிட்டது. வழக்கில் ஜெயித்தவரின் பெயரை இன்று எந்த வார்டிலும் யாரும் சொல்வதில்லை.

ஃபோலிக்கும் ராய்ஷேக்கும் இந்த வேலை கைகூடியதற்கு வேறொரு காரணம் இருந்தது. 1920களில்தான் ரப்பர் பாலில் அமோனியா கலந்து, உறையவிடாமல் திரவமாகவே கப்பலேற்றும் வழக்கம் பரவியது. அச்சுக் கம்பியைப் பாலில் முக்கி எடுத்து, உலர்த்தி, மறுபடி முக்கி என்று அடுக்கடுக்காக ஏற்றினால் ஒட்டு இல்லாத டியூப் கிடைக்கும். அந்தப் பால் வந்த வழியில் நம் ஆட்கள் நிற்கிறார்கள்.

ஹென்றி விக்கம் என்பவர் 1876இல் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தோட்டத்தில் முளைத்தவை 3,000கூட இல்லை. பெரும்பங்கு இலங்கைக்குப் போய் ஹெனரத்கொடையில் நடப்பட்டது. அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன, அவற்றில் ஒன்பது மலாயாவின் பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்குச் சென்றன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையில் சாய்வாகக் கீறிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்து ரிட்லி நிறுவினார். பிறகு மலாயாக் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின, அவற்றுக்கு ஆள் கட்டிக்கொண்டு போனது தமிழ்நாட்டிலிருந்துதான். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. நெற்றி விளக்கோடு மரம் மரமாக நடந்து, உளியால் பட்டையைச் சீவி, மங்கில் சொட்ட விட்டு, வெயில் ஏறுமுன் வாளியோடு திரும்பவேண்டும். வெயில் வந்தால் பால் நின்றுவிடும். குமரி மாவட்டத்தில் குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் இன்றும் விடியற்காலையில் இதே வேலைதான், மங்குக்குப் பதில் சிரட்டை.

கோலகங்சாரில் நட்ட அந்தப் பழைய மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், தைப்பிங்கை அடுத்த கமுந்திங்குக்கு. 'ரூஷ்' என்ற பெயரில் வரும் ஃபோலி டியூப்கள் அங்குதான் தயாராகின்றன. நம்மூர் மருந்துக்கடையில் சீட்டைக் கொடுத்து வாங்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் மலேசியா என்று அச்சிட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். பேராக்கின் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. மலேசியாவின் தொழிற்சாலைகளுக்குத் தேவையான பாலில் பெரும்பகுதி இப்போது தாய்லாந்திலிருந்து வருகிறது. மரம் சீவியவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பதைச் சொல்லாமல் இந்த டியூபின் சரித்திரத்தைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி வார்டு. மின்கம்பியால் புராஸ்டேட்டைச் சீவி எடுத்திருந்தால் மூன்று வாய் உள்ள டியூப் போட்டிருப்பார்கள். மூன்றாவது வாய் வழியே சலைன் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், ரத்தம் கட்டியாகி அடைக்காமல் கழுவிக்கொண்டே வெளியேறும். பையில் விழுவது முதலில் நல்ல சிவப்பு, பிறகு வெளிர் ரோஜா, பிறகு வைக்கோல் நிறம். பலூனில் நிரப்புவது சலைன் அல்ல, சுத்திகரித்த தண்ணீர். உப்பு படிந்து வால்வு வழி அடைத்துக்கொண்டால் பலூன் சுருங்காது, டியூபை வெளியே எடுக்க முடியாது. பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்கவேண்டும், தரையில் படக்கூடாது. துணைக்கு இருப்பவர்கள் செய்யும் பெரிய தப்பு, நோயாளியை நடக்க வைக்கும்போது பையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவது.

சிலருக்கு இரவில் திடீரென்று அடிவயிறு முறுக்கும், டியூபையும் மீறி ஓரமாகக் கசியும். பலூன் உள்ளே உட்கார்ந்திருப்பதைச் சிறுநீர்ப்பை சிறுநீர் என்று எடுத்துக்கொண்டு தள்ளப் பார்க்கிறது. முக்கக்கூடாது. அதற்கு மாத்திரை இருக்கிறது. பையில் ஒன்றுமே இறங்காமல் வயிறு மட்டும் கல்லாக இறுகினால் அது வேறு விஷயம், கட்டி அடைத்திருக்கிறது, உடனே சிஸ்டரைக் கூப்பிடவேண்டும். வயதானவர்கள் ராத்திரி நினைவு தடுமாறி டியூபைப் பிடித்து இழுத்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. பலூன் நிறைந்தபடியே வந்தால் பாதை கிழிந்துபோகும்.

சிகிச்சை எவ்வளவு சின்னதோ டியூப் அவ்வளவு சீக்கிரம் வெளியே வரும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. ஹோல்மியம் லேசரால் புராஸ்டேட்டின் உள்பகுதியை மொத்தமாகக் குடைந்தெடுப்பது பெரிய வேலை. ஆனால் அடைத்திருந்த சதை அன்றைக்கே வெளியே வந்துவிடுகிறது, பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் டியூபும் போய்விடும். நீராவி சிகிச்சையான 'ரெசூம்' சில நிமிட வேலை. ஊசி முனையில் ஒவ்வோர் இடத்திலும் ஒன்பது விநாடி நீராவி, அவ்வளவுதான். ஆனால் வெந்த சதை உள்ளேயேதான் இருக்கிறது. முதலில் வீங்கும், பிறகு உடம்பே அதை மெதுவாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும். வீக்கம் வடியும்வரை டியூப் வேண்டும், சில நாள், சிலருக்கு ஒரு வாரம். அன்று மாலையே வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பது உண்மை, டியூபோடு அனுப்புகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கொக்கி மாட்டும் 'யூரோலிஃப்ட்'டில் பலருக்கு டியூபே தேவைப்படாது. அது எல்லா அளவு, எல்லா வடிவப் புராஸ்டேட்டுக்கும் பொருந்தாது. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் அன்றே டாக்டர் இதை நாள் கணக்கோடு சொல்லிவிட்டால் பாதிப் புலம்பல் குறையும் என்பது என் எண்ணம்.

டியூபோடு வீட்டில் இருக்கும் நாட்களுக்கு வேட்டி, லுங்கியை விஞ்சிய உடை கிடையாது. குளிக்கலாம். டியூப் நுழையும் இடத்தை சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், டெட்டால் வேண்டாம். இருதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்து டாக்டர் தடுக்காதவரை தண்ணீர் தாராளமாகக் குடிக்கவேண்டும். மலச்சிக்கல் ஆகவே ஆகாது, முக்கினால் ரத்தம் வரும். கீரை, வாழைப்பழம், தேவைப்பட்டால் இசப்கோல். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் காத்திருக்கக்கூடாது. ரப்பரின்மேல் கிருமிகள் படலம் கட்டிக் குடியேறும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தொற்று அபாயம் 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. வேலை முடிந்த அன்றே எடுத்துவிட டாக்டர்கள் துடிப்பது அதனால்தான். மாதக்கணக்கில் வைத்தாக வேண்டியவர்களுக்கும் லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் முழுச் சிலிக்கான் டியூப் போடுகிறார்கள்.

எடுப்பது காலை வேளையில். சிஸ்டர் ஊசி இல்லாத சிரிஞ்சை ஆரஞ்சு வால்வில் பொருத்துகிறார். பிஸ்டனை அவர் இழுப்பதில்லை, பலூனிலிருந்த பத்து மில்லி தண்ணீர் தானே பின்வாங்கி நிறைகிறது. "அப்பா, மூச்சை நல்லா இழுத்து விடுங்க." மூச்சு வெளியேறும்போது டியூபும் வந்துவிடும், சுருக்கென்று ஓர் எரிச்சல். நுனியும் பலூனும் முழுசாக வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அவர் அதைச் சிவப்புப் பையில் போடுகிறார். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிப்படி கிருமி நீக்கி, பொடிப்பொடியாக நறுக்கி, மறுசுழற்சிக்குப் போகவேண்டிய பை அது.

நோயாளிக்கு ஒரு அளவு குவளையும் தண்ணீர் பாட்டிலும் கொடுக்கப்படும். குடித்து, நடந்து, குவளையில் போய், ஸ்கேனில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். வராவிட்டால் மறுபடி டியூப், சில நாள் பொறுத்து இன்னொரு முயற்சி. அது சிகிச்சை தோற்றதற்கு அடையாளம் அல்ல, பல நாள் அடைப்போடு போராடிய சிறுநீர்ப்பைக்குத் தெம்பு வரவேண்டும்.

வந்த பிறகும் கொஞ்ச நாள் எரியும், அடக்கமுடியாமல் அவசரப்படுத்தும், சிரித்தால் சொட்டும். லேசர் ஆனவர்களுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். சீவி எடுத்தவர்களுக்கு எல்லாம் தெளிந்த பிறகு பத்துப் பன்னிரண்டு நாளில் புண்ணின் பொருக்கு உதிர்ந்து மறுபடி சிவப்பாகப் போவது உண்டு. தண்ணீர் குடித்தால் அடங்கும், அடங்காமல் கட்டி கட்டியாகப் போனால்தான் ஓடவேண்டும். டூ வீலர், கேஸ் சிலிண்டர் தூக்குவது எல்லாம் டாக்டர் சொல்லும்வரை ஒத்திவைக்கவேண்டும். சீவியவர்களுக்கும் குடைந்தவர்களுக்கும் உறவின்போது விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடுவது சகஜம். அறுபது தாண்டியவர் இதைக் கேட்கமாட்டார், அவர் மனைவியும் கேட்கமாட்டார், ஆகவே டாக்டர்தான் முன்கூட்டிச் சொல்லவேண்டும்.

நீராவி ஆனவர்களுக்குப் பலன் வாரக்கணக்கில்தான் தெரியும், முழுசாகத் தெரிய மூன்று மாதம்போல ஆகும். அப்போது ஒரு புனலுக்குள் சிறுநீர் போகச் சொல்லி, இயந்திரம் வேகத்தை வரைந்து கொடுக்கும். விநாடிக்குப் பத்து மில்லிக்குக் கீழே முக்கிக்கொண்டிருந்த கோடு பதினைந்தைத் தாண்டியிருந்தால் டாக்டர் அதிகம் பேசமாட்டார். பழைய மாத்திரைகளில் எதை நிறுத்தலாம் என்று சீட்டில் அடித்துக் கொடுத்து, அடுத்தவரை அழைப்பார்.