கணப்படுப்புச் சாந்து சீரமைப்பு

கணப்படுப்புச் சாந்து சீரமைப்பு என்பது, செங்கல்லால் கட்டப்பட்ட கணப்படுப்பின் மூட்டுகளில் உதிர்ந்துபோன சாந்தை அகற்றிப் புதிய சாந்தை நிரப்பும் கட்டட வேலை ஆகும். பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளின் பழைய வீடுகளில் இத்தகைய அடுப்புகள் மிகுதியாக உள்ளன. இவ்வேலை அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று. மூட்டுகளில் இடைவெளி ஏற்பட்டால், வெப்ப வளிமங்களும் தீப்பொறிகளும் சுவருக்குப் பின்னுள்ள மரச்சட்டங்களை அடைந்து வீடு தீப்பற்றக்கூடும். நிறமும் மணமும் அற்ற நச்சு வளிமமான கார்பன் மோனாக்சைடு அறைகளுக்குள் கசியவும் கூடும்.

அமைப்பு

கணப்படுப்பில் தீ எரியும் உள்ளறை, அறையை நோக்கிய வெளிமுகப்பு என இரு பகுதிகள் உள்ளன. உள்ளறை பொதுவாக உயர் வெப்பத்தைத் தாங்கும் தீச்செங்கற்களாலும், வெளிமுகப்பு சாதாரணச் செங்கற்களாலும் கட்டப்படும். இவ்விரண்டுக்கும் ஒரே வகைச் சாந்து பொருந்தாது.

உதிர்வதற்கான காரணங்கள்

போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் 1824ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இச்சிமெண்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. ஏறத்தாழ 450 பாகை செல்சியசு வெப்பநிலையில் இது நீரை இழந்து கால்சியம் ஆக்சைடாக மாறுகிறது. அடுப்பு ஆறிய பின்னர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மீண்டும் ஹைட்ராக்சைடாகிப் பருக்கிறது. இதனால் சாந்து வெடித்துப் பொடியாகிறது. மணலிலுள்ள குவார்ட்சு 573 பாகை செல்சியசில் படிக அமைப்பு மாறித் திடீரென விரிவடைவதும் இச்சிதைவை மிகுவிக்கும். புகைபோக்கி வழியாக இறங்கும் மழைநீர் மற்றொரு காரணமாகும்.

சாந்தின் தெரிவு

உள்ளறைக்குக் கால்சியம் அலுமினேட் சிமெண்ட் கலந்த தீச்சாந்து ஏற்றது. சோடியம் சிலிக்கேட் கலந்த ஆயத்தச் சாந்தும் பயன்படுகிறது. தீச்செங்கல் மூட்டுகள் 6 மி.மீ. அளவுக்கு மேற்படாமல் மெல்லியனவாக இருத்தல் நன்று.

வெளிமுகப்பில் இடும் சாந்து செங்கல்லைவிட மென்மையானதாக இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்ட பழைய முகப்பில் வலிய சிமெண்ட் சாந்தை இட்டால், ஈரமும் தகைவும் செங்கல்லின்மீது சென்று அதன் முகம் பெயர்ந்துவிடும்.

செய்முறை

1. அடுப்பை முழுமையாக ஆறவிட்டு, சாம்பலையும் கரியையும் நீக்க வேண்டும். கரி படிந்த பரப்பில் சாந்து ஒட்டாது.
2. தளர்ந்த சாந்தை உளியாலும் சுத்தியலாலும் செதுக்கி எடுக்க வேண்டும். ஆழம், மூட்டின் அகலத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு இருக்கலாம். எடுத்துக்காட்டாக, 10 மி.மீ. மூட்டுக்கு 20 முதல் 25 மி.மீ. வரை.
3. தூசியைத் துடைத்து, மூட்டைச் சிறிது நனைக்க வேண்டும். ஆயத்தச் சாந்தாயின் பொதியிலுள்ள குறிப்பைப் பின்பற்ற வேண்டும்.
4. சாந்தை ஒல்லியான கரண்டியால் இடைவெளியின்றி அழுத்தி நிரப்ப வேண்டும்.
5. நன்கு உலர்ந்த பின்னரே தீ மூட்ட வேண்டும். முதலில் சிறு தீயே ஏற்றது. எஞ்சிய நீர் விரைந்து ஆவியானால் புதிய சாந்து வெடிக்கும்.

பாதுகாப்பு

சாந்தைச் செதுக்கும்போது எழும் சிலிக்காத் தூசி, சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயை உண்டாக்கவல்லது. ஆகவே தகுந்த முகமூடியும் கண்ணாடியும் அணிதல் இன்றியமையாதது. பழைய அடுப்புகள் சிலவற்றில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அத்தகைய ஐயம் இருப்பின் சோதிக்காமல் செதுக்கலாகாது.

கற்கள் ஆடினாலோ, சுவர் சாய்ந்திருந்தாலோ, புகைக்குழாயின் உட்பூச்சு வெடித்திருந்தாலோ மூட்டை மட்டும் நிரப்புவது போதாது. பயிற்சி பெற்றவரைக் கொண்டு அப்பகுதியைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட 211ஆம் நியமம், புகைபோக்கிகளையும் கணப்படுப்புகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்க வேண்டும் எனக் கூறுகிறது.