யுபிஐ

யுபிஐ: ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குக் கைப்பேசி வழியே நொடிகளில் பணம் அனுப்பும் இந்திய இணையவழி ஏற்பாடு. ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இயங்கும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் இதை 2016 ஏப்ரலில் அறிமுகம் செய்தது. இதைப் பயன்படுத்துவதற்கான பீம் செயலி அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று வெளிவந்தது.

இயக்கம்: பயனரின் கைப்பேசி எண் அவரது வங்கிக் கணக்குடன் இணைக்கப்படுகிறது. பெறுபவரின் கியூஆர் குறியீட்டையோ கைப்பேசி எண்ணையோ கொண்டு தொகையைக் குறிப்பிட்டு, 4 அல்லது 6 இலக்க ரகசிய எண்ணை உள்ளிட்டால் பணம் சென்றுவிடும்.

பயன்கள்: இரவு பகல், விடுமுறை என்ற தடையில்லை. சில்லறைத் தட்டுப்பாடு பெருமளவு நீங்கியது. பூக்கடை, தள்ளுவண்டி, ஆட்டோ வரை ஓர் அட்டையிலுள்ள குறியீடே பணப்பெட்டியாகிறது. வெளியூரில் உழைப்பவர் வீட்டுக்கு உடனே பணம் அனுப்ப முடிகிறது. இணையமற்ற சாதாரணக் கைப்பேசிகளுக்கான வசதி 2022 மார்ச்சில் வந்தது.

ஆபத்துகள்: தொழில்நுட்ப ஓட்டையைவிட மனிதரின் அச்சத்தையும் ஆசையையும் நம்பியே மோசடிகள் பெரும்பாலும் நடக்கின்றன. பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லிக் குறியீட்டை ஸ்கேன் செய்யவைப்பது, வங்கி அதிகாரியாக நடித்து ஓடிபி கேட்பது, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வது, காவல்துறை பெயரில் ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுவது ஆகியவை பரவலான முறைகள். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லை. முதியோரும் புதிய பயனர்களும் எளிதில் சிக்குகின்றனர். வாழ்நாள் சேமிப்பே பறிபோவதுண்டு.

பாதுகாப்பு: பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாற்றப்பட்டவர் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற உதவி எண்ணிலும் தம் வங்கியிலும் புகார் அளிக்க வேண்டும். தாமதமில்லாத புகாரே பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பைக் கூட்டும்.