தேவசத்தம்: கேட்டலும் சோதித்தலும் – கிறிஸ்தவத் தீர்க்கதரிசன வரம் பற்றி ஓர் அறிமுகம்

தமிழ்க் கிறிஸ்தவர்களின் ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ‘கர்த்தர் என்னோடு பேசினார்’ என்பது. சொல்கிறவர்கள் எல்லோரும் இதை ஒரே பொருளில் சொல்வதில்லை. சிலருக்கு வேதம் வாசிக்கையில் ஒரு வசனம் மனதில் தைத்திருக்கும். சிலருக்குக் கனவு வந்திருக்கும். சிலருக்கு ஜெபத்தின் நடுவே எதிர்பாராத எண்ணம் ஒன்று எழுந்திருக்கும். காதால் குரல் கேட்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் இந்த வாக்கியத்தின் பேரில் வீடு விற்கப்படுகிறது, வேலை விடப்படுகிறது, பெண் கொடுக்கப்படுகிறது, சில வேளைகளில் மருந்தும் நிறுத்தப்படுகிறது. ஆகவே இவ்வரம் குறித்து வேதாகமமும் சபை வரலாறும் என்ன சொல்கின்றன என்று தொகுத்துப் பார்ப்பது விசுவாசிகளுக்கு மட்டுமன்றி மற்றவர்களுக்கும் பயன்படும்.

நான் இறையியல் படித்தவனல்ல. பொறியியலில் முதுகலை படித்து, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நெல்லைப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வளர்ந்து, இப்போது ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் ஒரு வீட்டு ஜெபக்குழுவுக்குப் போய்வருகிறேன். அந்த அளவுக்குள் நின்றே எழுதுகிறேன்.

சொல்லும் பொருளும்

‘தீர்க்கதரிசனம்’ என்ற வடமொழிச் சொல்லின் நேர்ப்பொருள் நெடும்பார்வை. தூரத்தில் வருவதை முன்கூட்டிக் காண்பவர் தீர்க்கதரிசி. ஆனால் புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் இதற்கு நிகரான ‘ப்ரொஃபேட்டேஸ்’ என்ற சொல் பார்வையைக் குறிப்பதன்று, பேச்சைக் குறிப்பது. ஒருவர் சார்பில் எடுத்துச் சொல்பவர் என்பதே அதன் பொருள். யாத்திராகமத்தில் மோசேக்கு வாயாக ஆரோன் நியமிக்கப்படுகிறான். அவனையே மோசேயின் ‘நபி’ என்றும் எபிரெய மூலம் அழைக்கிறது. 1995ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘இறைவாக்கினர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது இவ்வகையில் பொருத்தமானது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. பழைய சொல்லே நம் நாவில் நிலைத்துவிட்டதால் தீர்க்கதரிசனம் என்றாலே எதிர்காலம் சொல்லுதல் என்று நம்மவர்கள் எண்ணிக்கொண்டார்கள். ஆமோஸ் ஏழைகளை நசுக்கியவர்களைக் கண்டித்ததும், நாத்தான் தாவீது அரசன் முன் நின்று அவன் குற்றத்தை எடுத்துரைத்ததும் தீர்க்கதரிசனமே என்பது மறந்துபோய், வீசா எப்போது வரும், வரன் எப்போது அமையும் என்பவை மிஞ்சிவிட்டன.

தமிழர் கேட்ட குரல்கள்

தெய்வக்குறிப்புக்குக் காது கொடுப்பது தமிழருக்குப் புதிதன்று. சங்க இலக்கியத்தில் ‘விரிச்சி’ என்றொரு வழக்கம் உண்டு. ஊர்ப்புறத்தே நெல்லும் மலரும் தூவி வணங்கி நின்று, தற்செயலாகக் காதில் விழும் பிறர் பேச்சை நற்சொல்லாகக் கொள்வது அது. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் அவ்வாறு நிற்கையில், ஓர் ஆயர்மகள் கன்றைத் தேற்றிச் சொல்லும் வார்த்தை அவர்களுக்கு விரிச்சியாகிறது. போருக்குப் போன தலைவன் திரும்புவான் என்று தேறுகிறார்கள்.

இதன் மறுபக்கமும் அதே இலக்கியத்தில் இருக்கிறது. தலைவியின் மெலிவுக்குக் காரணம் கேட்டுத் தாய் வேலனை அழைக்கிறாள். அவன் வெறியாடி, இது முருகனால் வந்தது என்கிறான். அது காதலால் வந்த நோய் என்பது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். கேட்க விரும்பும் மனமும், ‘இவன் சொல்வது சரிதானா’ என்று ஐயுறும் மனமும் இரண்டாயிரம் ஆண்டுகளாகவே நம்மிடம் சேர்ந்திருந்திருக்கின்றன.

வேதாகமம் காட்டும் வழி

வேதாகமத்தில் தேவசத்தம் கேட்கும் இடங்கள் பலவற்றில் தயக்கமும் கூடவே இருக்கிறது. சிறுவன் சாமுவேல் தன்னை அழைத்தது ஏலி என்று எண்ணி மூன்று முறை அவரிடம் ஓடுகிறான். அது யாருடைய குரல் என்று கண்டு சொல்பவர் அந்த முதியவர்தான். கேட்டவனுக்கு இன்னொருவர் துணை வேண்டியிருந்தது. எலியாவுக்கோ காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் கிடைக்காதது பின்வந்த மெல்லிய சத்தத்தில் கிடைக்கிறது.

சோதிக்கும் முறைகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. உபாகமம் 18ஆம் அதிகாரம், சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்கிறது. 13ஆம் அதிகாரம் ஒருபடி மேலே போய், சொன்னது நடந்தாலும் அது வேறு தெய்வத்திடம் இழுத்தால் ஏற்காதே என்கிறது. பலித்துவிட்டது என்பது மட்டும் போதாது என்பது இதன் சாரம். பவுல் கொரிந்து சபைக்கு எழுதியபோது இருவர் மூவர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று ஒழுங்கு வகுத்தார். தெசலோனிக்கேயருக்கு எழுதுகையில், தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணவும் வேண்டாம், சோதிக்காமல் ஏற்கவும் வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார்.

எரேமியா 28ஆம் அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இரண்டு ஆண்டுகளில் பாபிலோனின் நுகம் முறியும் என்று அனனியா ஆலயத்தில் அறிவிக்கிறான். எரேமியா உடனே சீறவில்லை. அப்படியே ஆகட்டும் என்கிறார். சமாதானம் சொல்லும் தீர்க்கதரிசியை அது நடக்கும்போதுதான் அறியலாம் என்று மட்டும் கூறிவிட்டுத் தம் வழியே போகிறார். மறுப்பு அவருக்குப் பின்னரே அருளப்படுகிறது. நல்ல செய்தி என்பதாலேயே அது தெய்வச்செய்தி ஆகிவிடாது என்பதற்கு இது சான்று.

முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்ததாகக் கருதப்படும் ‘டிடாக்கே’ என்ற சிறுநூல் 1873ல் கண்டெடுக்கப்பட்டு 1883ல் அச்சேறியது. ஊர் ஊராகச் செல்லும் ஊழியர்களைப் பற்றி அது கறாராகப் பேசுகிறது. ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் போலி. ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவனும் போலி. ஆவியில் விருந்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு அதில் தானே உட்கார்ந்து சாப்பிடுபவனும் போலி! ஆதி சபைக்கு அனுபவம் நிறையவே இருந்திருக்க வேண்டும்.

தமிழ்ச் சபைகளில்

பெந்தெகொஸ்தே இயக்கம் 1906ல் லாஸ் ஏஞ்சலீஸின் அசுசா தெருவில் தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு 46 ஆண்டுகள் முன்பே, 1860ல், திருநெல்வேலிச் சீமையில் அந்நியபாஷையும் தரிசனமும் தீர்க்கதரிசனமும் தோன்றின. அதன் நடுநாயகர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810-1867). ரேனியஸிடம் பயின்றவர், ஆந்தணி நோரிஸ் குரோவ்ஸின் தாக்கம் பெற்றவர். வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பாத ஊழியத்தைக் கிறிஸ்டியான்பேட்டையில் நடத்தினார். மிஷனரிகள் சிலர் அந்த எழுப்புதலை ஐயத்தோடு பார்த்தாலும், அதில் விளைந்த நன்மையையும் பதிவு செய்தார்கள். அருளப்பன் நாட்குறிப்பு எழுதியவர் என்பதால்தான் இன்று நம்மால் இதைப் பேச முடிகிறது. அக்குறிப்புகளை ஜி.எச். லாங் 1939ல் நூலாக வெளியிட்டார்.

அந்த அலை 1873ல் திருவிதாங்கூரை எட்டியது. அங்கே நடந்தது வேறு. பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராகி, சி.எம்.எஸ். போதகராக இருந்த ஜஸ்டஸ் ஜோசப், வித்துவான்குட்டி என்று அறியப்பட்டவர், நல்ல கவிஞர். அவரைச் சூழ்ந்த குழுவில் 1875ல் ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது. 1881ல் கிறிஸ்து வருவார் என்று நாள் குறித்தார்கள். மிஷனரிகள் இவர்களை ‘ஆறு வருடக் கட்சி’ என்றார்கள். 1881 வந்தது, போயிற்று. பலர் பழைய சபைக்கே திரும்பினர். எஞ்சியவர்கள் ‘யுயோமயம்’ என்ற தனிச் சமயக் குழுவானார்கள். ஜஸ்டஸ் ஜோசப்பின் பாடல்கள் இன்றும் கேரள சபைகளில் பாடப்படுகின்றன. பக்தியும் புலமையும் உள்ளவர்களும் தவறாகக் கேட்கக்கூடும் என்பதே இதில் நாம் படிக்க வேண்டியது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வரம் வீட்டுக்குள் வந்தது. 1920களில் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே சபை தமிழகத்திலும் பரவியது. வங்கி ஊழியராக இருந்த டி.ஜி.எஸ். தினகரன் (1935-2008) பெருங்கூட்டங்களில் முன்பின் அறியாதவர்களைப் பெயர் சொல்லி அழைத்து ஜெபித்தது தமிழகமெங்கும் பேசப்பட்டது. புத்தாண்டு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தை அறியாத தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அரிது. ஒருவகையில் அதையும் விரிச்சி கேட்டல் எனலாம்.

நான் வாழும் நாட்டிலிருந்து

நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் தீர்க்கதரிசிகளின் நீண்ட வரிசை உண்டு. ‘பொரோபிட்டி’ என்பது ‘ப்ராஃபெட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மாவோரி வடிவம். அவர்களுள் முக்கியமானவர் டி.டபிள்யூ. ராட்டானா. 1918 நவம்பர் 8 அன்று, வாங்கனூயிக்கு அருகே தம் பண்ணையில் அவர் தரிசனம் கண்டார். இன்ஃப்ளுயன்ஸா இந்நாட்டில் சுமார் 9,000 பேரைப் பலிகொண்ட காலம் அது. அதில் மாவோரியரின் இழப்பு மிகவும் அதிகம். ‘மாஙாய்’ என்ற பட்டம் அவருக்கு வழங்கியது. நம் காதில் மாங்காய் என்று விழுந்தாலும், அதன் பொருள் ‘வாய்’ என்பதே. ஆரோனுக்குச் சொல்லப்பட்ட அதே சொல்!

ராட்டானா குணமாக்கும் ஜெபத்தோடு நிற்கவில்லை. பறிபோன நிலங்களுக்காகவும் வைத்தாங்கி உடன்படிக்கைக்காகவும் பேசினார். 1924ல் மனுவோடு இங்கிலாந்து போனார், அரசரைக் காண அனுமதி கிடைக்கவில்லை. 1925ல் அவர் பெயரிலேயே தனிச்சபை பதிவாயிற்று. 1936ல் தொழிற்கட்சியோடு உடன்பாடு கண்டார். அவருடைய பிறந்த நாளான ஜனவரி 25ஐ ஒட்டி அரசியல் தலைவர்கள் இன்றும் ராட்டானா ஊருக்குப் போகிறார்கள். அவருடைய கோட்பாடுகளை எல்லாச் சபைகளும் ஏற்பதில்லை. ஆனால் ஆமோஸின் வழியில் ஒடுக்கப்பட்ட மக்களுக்காகப் பேசும் தீர்க்கதரிசனம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அவர் வரலாற்றைப் படிக்கலாம்.

மனம் கேட்கப் பழகுவது

மானுடவியலாளர் டான்யா லுர்மன் அமெரிக்காவின் வைன்யார்டு சபைகளில் ஆண்டுக்கணக்கில் பழகி, 2012ல் ஒரு நூல் எழுதினார். தன் மனதில் எழும் எண்ணங்களில் எது தன்னுடையது, எது கடவுளுடையது என்று பிரித்தறிய விசுவாசிகள் பயிற்சியால் பழகுகிறார்கள் என்று அதில் காட்டுகிறார். எதிர்பாராததாக இருத்தல், கடவுளின் குணத்துக்கு ஒத்திருத்தல், அமைதி தருதல், பிறரால் உறுதிப்படுதல் ஆகியவை அவர்கள் வைத்திருக்கும் அடையாளங்கள்.

மனச்சிதைவு நோயால் குரல் கேட்பவர்களை சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மட்டேயோ ஆகிய மூன்று இடங்களில், இடத்துக்கு 20 பேராகப் பேட்டி கண்டு அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையும் உண்டு. சென்னையில் பலர் கேட்டவை உறவினர் குரல்கள். வீட்டு வேலையைச் செய் என்று ஏவும் குரல்கள்! நோயின் குரலும் ஜெபத்தில் எழும் எண்ணமும் ஒன்றல்ல. ஜெபத்தில் வருவது பெரும்பாலும் அரிதாக, சுருக்கமாக, துன்பமின்றி வருகிறது. ஓயாமல் திட்டுகிற, தூக்கத்தைக் கெடுக்கிற, தீங்கு செய்யச் சொல்கிற குரலுக்கு வேண்டியது ஜெபத்தோடு மருத்துவரும்.

வளர்வது எப்படி?

எங்கள் குழுவுக்குச் சிலகாலம் வந்த இளம் தம்பதியருக்கு, வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், மூன்று மாதத்தில் குடியுரிமைத் தடை நீங்கும் என்று வாக்கு உரைத்தார். அதை நம்பி அவர்கள் வேறு வழி தேடவில்லை. மூன்று மாதம் கழிந்தது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஊர் திரும்புவதற்கு முன் அந்தப் பெண், “நாங்கதான் சரியா விசுவாசிக்கலையோ அண்ணே?” என்று கேட்டாள். உபாகமத்தின்படி அந்தக் கேள்வி சொன்னவரிடம் போயிருக்க வேண்டும். அது கேட்டவர்களின் தலையில் வந்து விழுந்தது. எல்லர்ஸ்லி குதிரைப் பந்தயத்துக்குப் பெயர்போன ஊர். அங்கே ‘இந்தக் குதிரை ஜெயிக்கும்’ என்பவரிடம்கூடப் போன வாரக் கணக்கைக் கேட்பார்கள்!

வேதாகமத்திலிருந்தும் அனுபவமுள்ள பெரியவர்களிடமிருந்தும் நான் திரட்டியவை இவை:

1. எழுதி வையுங்கள். நாள், சொன்னவர், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். நினைவு பின்னால் நடந்ததற்கேற்ப வார்த்தையை மாற்றிவிடும்.

2. வெளிப்பாடு, விளக்கம், நடைமுறை மூன்றையும் பிரியுங்கள். எருசலேமில் பவுல் கட்டப்படுவார் என்று அகபு உரைத்தான். போகாதே என்பது நண்பர்கள் சேர்த்துக்கொண்ட நடைமுறை. பவுல் செய்தியை மறுக்கவில்லை, ஆனாலும் போனார்.

3. பிறர் நிதானிக்க இடம் கொடுங்கள். கேள்வி கேட்பதை அவிசுவாசம் என்பவரின் வாக்கை ஏற்க வேண்டியதில்லை.

4. பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல் என்று பவுல் சொன்ன மூன்று பயன்களைப் பாருங்கள். பயமுறுத்தி அடிமைப்படுத்துவது இவற்றில் சேராது.

5. பணம், திருமணம், மருந்து, இடப்பெயர்வு ஆகியவற்றில் இன்னொருவர் வாக்கை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். சிகிச்சை மருத்துவரைக் கேட்காமல் நிற்கக்கூடாது.

6. பலிக்காவிட்டால், சொன்ன இடத்திலேயே ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2020 அதிபர் தேர்தல் பற்றிய வாக்குகள் பொய்த்த பின், 2021 ஏப்ரலில் பல கரிஸ்மாட்டிக் தலைவர்கள் கையொப்பமிட்ட அறிக்கை இதையே வலியுறுத்தியது.

அப்போஸ்தலர் காலத்தோடு இவ்வரங்கள் முடிந்துவிட்டன என்போரும் உண்டு. பி.பி. வார்ஃபீல்ட் 1918லேயே அவ்வாறு வாதிட்டு நூல் எழுதினார். வரம் தொடர்கிறது, ஆனால் இன்றைய தீர்க்கதரிசனம் வேதாகமத்துக்கு நிகரான அதிகாரம் உடையதல்ல, பிழைபடக்கூடியது என்று வேன் குரூடம் 1988ல் எழுதினார். முதல் கட்சிக்குச் சோதிக்க எதுவும் மிஞ்சவில்லை. இரண்டாம் கட்சியின்படி, பிழைபடக்கூடியது என்பதாலேயே சோதனை கட்டாயமாகிறது. நம் சபைகளில் பெரும்பாலானவை நடைமுறையில் இரண்டாவதைச் சேர்ந்தவை. ஆனால் கொரிந்தியரில் வரங்களின் பட்டியலில் தீர்க்கதரிசனத்துக்கு அடுத்தே ஆவிகளைப் பகுத்தறியும் வரம் சொல்லப்பட்டிருக்கிறது. முன்னதை வேண்டி உபவாசம் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னதை வேண்டி இருப்பவர்களை இன்னும் பார்க்கவில்லை. வாசகர்கள் யாரேனும் பார்த்திருந்தால் எழுதுங்கள்.