தேசவழமையும் வாழுங்காலப் பங்கீடும்

சொத்துப் பங்கீட்டைப் பற்றி வளர்ந்த பிள்ளைகளோடு பேசுதல் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றிற் பின்போடப்பட்டு வரும் கருமமாகும். சாவை நினைவூட்டும் பேச்சு அமங்கலமெனப் பெற்றோர் தயங்குவர்; வாய்திறந்து கேட்டாற் பேராசையெனக் கருதப்படுமெனப் பிள்ளைகள் அஞ்சுவர். இம்மௌனம் தொன்றுதொட்டு வந்த நமது மரபு என எண்ணுவாரும் உளர். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமையை வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாதென்பது புலனாகும்.

ஒல்லாந்தர் ஆட்சியில், தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சைமன்சின் பணிப்புக்கு இணங்க, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்சு இவ்வழமைகளைத் தொகுத்தார். தமிழாக்கம் செய்யப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரு முதலிமார் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டபின், 1707ஆம் ஆண்டில் அது சட்டமாக நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனை உறுதிப்படுத்தினர்.

தேசவழமை குடும்பச் சொத்தை மூவகைப்படுத்தும். கணவன்வழி வந்தது முதுசம். மனைவி கொண்டுவந்தது சீதனம். இருவரும் கூடிவாழ்ந்த காலத்தில் ஈட்டியது தேடியதேட்டம். பண்டைநாளில் முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் உரியனவாயிருந்தன. போர்த்துக்கீசர் காலத்தில் இம்முறை நெகிழ்ந்து, எவ்வகைச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டதெனத் தொகுப்பே கூறுகின்றது.

இங்கு நாம் சிறப்பாக நோக்கவேண்டியது பங்கீடு நிகழ்ந்த காலமாகும். பெண்ணின் பங்கு பெற்றோர் இறந்தபின் கணிக்கப்படவில்லை. அவளது திருமணத்தின்போதே தீர்மானிக்கப்பட்டது. சீதனம் பெற்ற பெண், சகோதரர் இருக்கும்வரை, பெற்றோரின் எஞ்சிய சொத்தில் உரிமை கோரமுடியாது. ஆகவே எந்தக் காணி, எத்தனை பரப்பு, கிணற்றில் எவ்வளவு பங்கு, வழிவாய்க்காலில் என்ன உரிமை என்பனவெல்லாம் கலியாணப் பேச்சிலேயே இரு பகுதியாரின் உறவினர் முன்னிலையில் வெளிப்படையாகப் பேசப்பட்டன. கொடுத்த சொத்தைப் பத்தாண்டுகளுக்குள் கையேற்காவிடின் உரிமை இழக்கப்படும் என்ற விதியும் இருந்தது. ஓலையில் எழுதினால் மட்டும் போதாது. கொடுத்தவர் கொடுத்ததையும் பெற்றவர் பெற்றதையும் ஊர் அறியவேண்டும் என்பது இவ்விதியின் உட்கிடை எனலாம்.

இதனைக் கொண்டு பழைய முறையைக் குறையற்றதென மெச்சிவிடலாகாது. பெற்றோர் உயிரோடிருக்கும்வரை ஆண்மக்கள் எதனையும் கேட்கமுடியாது. மணமாகுமுன் அவர்கள் உழைத்ததும், அணிந்திருந்த பொன் வெள்ளி நகைகள் தவிர, குடும்பச் சொத்தோடு சேரவேண்டியதாயிற்று. பெண்ணைப் பொறுத்தவரை, பேச்சு அவளைப் பற்றியதாக இருந்ததேயன்றி அவளோடு நிகழ்ந்ததன்று. பேச்சு இருந்தது, ஆயின் அது மூத்தோர் பேச்சாகவே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறலாயிற்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும் என விதித்தது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், ஒருவர் தம் சொத்தை விரும்பியவர்க்கு மரணசாதனத்தால் எழுதிவைக்கும் சுதந்திரத்தை அளித்தது. 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் மனைவியின் தனிச்சொத்தை ஏற்றுக்கொண்டது. எனினும் அவள் தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டிநின்றது. 1947ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டது. இவை தெளிவையும் பாதுகாப்பையும் தந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் முன்னர் ஊரறியப் பேசப்பட்டது, இப்போது பெட்டகத்தினுள் உறுதியாகப் பூட்டிவைக்கப்படவும் இடமுண்டாயிற்று. பேசாமலே பங்கிடலாம் என்ற எண்ணம் வேரூன்றியது இதன் பின்னரே எனக் கருத இடமுண்டு.

அம்மௌனத்தின் விலையை நம் தலைமுறை கண்டது. போர்க்காலத்தில் மக்கள் சிதறினர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதிலுமிருந்தும் இடம்பெயர்ந்தோர் பலர் உறுதிகளையும் இழந்தனர். எல்லைகள் அழிந்தன, எல்லையை அறிந்த முதியோரும் மறைந்தனர். போரினால் வழக்குத் தொடரமுடியாது போனோரின் காணியுரிமை காலங்கடந்ததெனத் தள்ளப்படாதிருக்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்படவேண்டியதாயிற்று. அது 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கருத்திற்கொண்டது.

எமது உறவினர் குடும்பம் ஒன்றில் ஏழு பரப்புத் தோட்டக்காணி உண்டு. தந்தையார் மரணசாதனம் எழுதாமலே காலமானார். பிள்ளைகள் நால்வரில் இருவர் கனடாவிலும் ஒருவர் பிரான்சிலும் வாழ, ஊரிலிருந்து அவரைப் பராமரித்தவர் கடைசி மகள். தந்தையார் தமக்கு இன்னது சொன்னார் என ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கூறுகின்றனர். எவரும் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. அவர் நால்வரையும் ஒருசேர வைத்துச் சொல்லவில்லை என்பதே குறை. பிரிபடாத பங்கில் வீடு கட்டவோ கடன் பெறவோ முடியாமல் அம்மகள் நிற்கின்றாள். சட்டம் அக்காணியை நான்காகப் பிரித்துக்கொடுக்கும். தந்தையார் எண்ணியது யாதென அதனாற் சொல்லமுடியாது.

ஆதலின் தேசவழமையிலிருந்து நாம் மீட்டுக்கொள்ளத்தக்கது அதன் பங்கு விகிதமன்று; வாழுங்காலத்தில் வெளிப்படையாகப் பேசும் வழக்கமேயாம். காணிகள் எவை, உறுதிகள் எங்கே, எது ஒற்றியில் உள்ளது, யாருக்கு என்ன முன்னரே கொடுபட்டது, முதுமையிற் பராமரிப்பவர் யார், நன்கொடை எழுதின் பெற்றோர் தமக்கெனச் சீவிய உரித்தை வைத்துக்கொள்வரா என்பனவெல்லாம் பிள்ளைகள் அனைவரும் ஒருங்கே அறியவேண்டியன. முன்னோர் அப்பேச்சிற் சேர்க்காதுவிட்ட மகளும் அதில் இடம்பெறவேண்டும். பேசியதை நொத்தாரிசு முன் எழுதிவைப்பது அதற்கு அடுத்த படி. பெற்றோர் வாய்மொழியாக நால்வரும் ஒருங்கே கேட்ட முடிவு, ஒருவருக்குக் குறைவாக அமைந்தாலும், உடன்பிறந்தாரைப் பகைவராக்குதல் அரிது.