நெல்வயலுக்கு அடியில் ஒரு கடல்

தஞ்சைத் தரணியில் கிணறு தோண்டினால் வண்டலும் மணலும் மாறி மாறி வரும். பாறை கண்ணிற் படுவதரிது. கொள்ளிடம் தாண்டி அரியலூர்ப் பக்கம் சென்றாலோ, வண்டலுக்கடியில் ஆழப் புதைந்த அதே பழங்கடற் படிவுகள் தரைமட்டத்தில் கிடக்கக் காண்கிறோம்.

கி.பி. 1030 அளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பீரூனி, மலையருகே பெருங்கற்களும், அப்பாற் சிறுகற்களும், கடலை நெருங்க மணலும் கிடப்பதைக் கொண்டு, வடஇந்தியச் சமவெளி ஒருகாலத்தில் கடலாயிருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என்று துணிந்தார். காவிரிக் கரைக்கு அவர் வந்ததில்லை. வந்திருந்தால் மேலுமொரு சான்று கண்டிருப்பார்.

இப்பகுதியின் சிப்பிகளையும் சுருளோட்டு அம்மோனைட்டுகளையும் 1840களில் கே, கன்லிஃப் என்போர் திரட்டினர். 1860களில் பிளான்ஃபோர்டு இவ்வடுக்குகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என வகுத்தார். அடுக்குக்கு அடுக்கு உயிரினம் மாறுகிறது. உச்சியிலுள்ள நினியூர் அடுக்கில் அம்மோனைட்டு அடியோடு இல்லை! ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவுக்குப் பிற்பட்டது அது.

சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது, 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அதனை அறிவித்தார். கடற்படிவில் மரம் எவ்வாறு வந்தது? கரை அருகிலிருந்தது என்பதே விடை.

சிமெண்டு ஆலைகள் வெட்டுவதும் இந்தச் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லைத்தான். சுரங்கத்தால் புதைபடிவங்கள் பல வெளிப்பட்டன என்பது மெய். அரைவைக்குப் போனவையும் பல. எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பில்லாத சிப்பியைக் கொண்டு காலம் கணிப்பதரிது. ஆதலின் அகழும்போதே அடுக்கைக் குறித்து மாதிரி எடுத்துவைக்கும் ஏற்பாடு சுரங்கந்தோறும் வேண்டுமென்கிறோம்.